சோயாவின் வறுபதம்

அமெரிக்காவின் விஸ்கான்சின், பென்சில்வேனியா மாநிலங்களில் சோயா அறுவடை முடிந்த கையோடு பால் பண்ணைகளுக்கு ஒரு வண்டி வரும். அதன் முதுகில் பெரிய இரும்பு உருளை, உருளைக்குச் சூடேற்றப் புரொபேன் எரிவாயு அடுப்பு. நம் வயல்களுக்கு அறுவடை இயந்திரம் வருவதைப் போல இதுவும் வாடகைக்கு வருகிறது. ஒரு முனையில் சோயாவைக் கொட்டினால் உருண்டு புரண்டு சூடேறி, தோல் வெடித்து, மறுமுனையில் வந்து விழும். முற்றம் முழுக்க வேர்க்கடலை வறுத்த மாதிரி வாசனை. அளவுக்குத் தகுந்த கூலியை வாங்கிக்கொண்டு வண்டி அடுத்த பண்ணைக்குப் போய்விடும்.

மாடு பச்சையாகவே தின்று செரிக்கக்கூடிய ஒரு பயறுக்கு எதற்கு இந்த எரிவாயுச் செலவு? இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளாகப் பதில் தேடியிருக்கிறார்கள். கோழிக்குக் கிடைத்த பதில் ஒன்று, மாட்டுக்குக் கிடைத்தது வேறொன்று. மக்காச்சோளத்தின் கதையோ தனி. எதையும் வறுத்தால் நல்லது என்கிற இயந்திர விற்பனையாளரும், வறுத்தால் சத்து போய்விடும் என்கிற பக்கத்துத் தோட்டக்காரரும் ஆளுக்குப் பாதி உண்மையை வைத்திருக்கிறார்கள். எந்த மணி, எந்த வயிறு, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கேட்காமல் இருவரில் யார் பக்கமும் சாய முடியாது.

கதை எலிகளிடம் தொடங்குகிறது. 1917-ல் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தின் தாமஸ் ஆஸ்போர்னும் யேல் பல்கலைக்கழகத்தின் லஃபாயெட் மெண்டலும் வெள்ளெலிகளுக்குச் சோயாவைத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சைச் சோயா தின்ற எலிகள் சரியாக வளரவில்லை. அதே சோயாவை வேகவைத்துக் கொடுத்ததும் வளர்ந்தன. இரண்டிலும் இருந்த புரதம் ஒரே அளவுதான். அடுப்பில் ஏறியதால் என்ன மாறியது என்பது அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. 1936-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹேவர்ட், ஸ்டீன்பாக், போஸ்டெட் மூவரும் எண்ணெய் ஆலைப் புண்ணாக்கை எடுத்துக்கொண்டு இதையே ஆராய்ந்தார்கள். ஆலையில் எண்ணெய் எடுக்கும்போது சோயாவின்மேல் பட்ட சூட்டைப் பொறுத்துப் புண்ணாக்கின் புரதம் உடம்பில் ஒட்டும் அளவு மாறியது. குறைந்த சூட்டில் வந்த புண்ணாக்கு பச்சைச் சோயாவைப் போலவே பயனற்றுக் கிடந்தது.

குற்றவாளி 1940-களில் அகப்பட்டான். சோயாவுக்குள் டிரிப்சினைக் கட்டிப்போடும் ஒரு புரதம் இருப்பது 1944-ல் தெரிந்தது. அடுத்த ஆண்டே ராக்ஃபெல்லர் ஆய்வுக் கழகத்தின் மோசஸ் குனிட்ஸ் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்துவிட்டார். டிரிப்சின் என்பது கணையம் சுரக்கும் நொதி. தின்ற புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுவது அதன் வேலை. சோயாவின் தடுப்பான் அந்தக் கத்தியின் வாயிலேயே போய்ச் சிக்கிக்கொள்ளும். வெட்டு நின்றதும் ‘இன்னும் அனுப்பு’ என்று உடல் கணையத்துக்குக் கட்டளை இடும். கணையம் மேலும் மேலும் சுரந்து வீங்கும். பச்சைச் சோயா தின்ற கோழிக்குஞ்சை அறுத்துப் பார்த்தால் கணையம் பெருத்திருப்பது இதனால்தான். செரிக்காத சோயாப் புரதம் எச்சத்தோடு போவது ஒரு நட்டம். அதைவிடப் பெரிய நட்டம், கணையம் வீணாகச் சுரந்த நொதிகளில் உள்ள கந்தக அமினோ அமிலங்கள். மெத்தியோனின், சிஸ்டீன் இரண்டும் சோயாவில் முன்பே குறைவு. இருக்கிற கொஞ்சமும் இப்படி வெளியேறிவிடும்.

தடுப்பானில் இரண்டு வகை உண்டு. குனிட்ஸ் கண்டது பெரிய மூலக்கூறு, சூட்டுக்குச் சீக்கிரம் பணிந்துவிடும். போமேன் கண்டு, பின்னர் இஸ்ரேலின் யெஹூடித் பிர்க் தூய்மைப்படுத்திய இன்னொன்று சிறியது. ஏழு கந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டிருப்பதால் அது அவ்வளவு எளிதில் பணியாது. குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் லெக்டின் என்கிற மூன்றாவது தொல்லையும் சோயாவில் இருக்கிறது. குனிட்ஸ் தடுப்பானே இல்லாத சோயா ரகத்தை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் தியோடர் ஹைமோவிட்ஸ் குழு உருவாக்கியது. அதற்கு ‘குனிட்ஸ்’ என்றே பெயரிட்டார்கள். இந்தியாவில் இந்தூர் சோயா ஆய்வு நிலையத்தின் என்.ஆர்.சி. 127 அதே வழியில் வந்த ரகம். இவற்றைப் பச்சையாகக் கொடுத்தால் சாதாரணப் பச்சைச் சோயாவைவிட மேல், ஆனால் வறுத்த சோயாவுக்கு ஈடாகாது. சின்னத் தடுப்பானும் லெக்டினும் மிச்சம் இருக்கின்றனவே.

ஆக, கோழிக்கும் வளரும் பன்றிக்கும் விவாதமே கிடையாது. சோயா சூடு பட்டே தீர வேண்டும். சினையாக இருக்கும் முதிர்ந்த பெண் பன்றி பச்சைச் சோயாவை ஓரளவு தாங்கும், அதன் புரதத் தேவை குறைவு என்பதால். குட்டி தாங்காது. பால்குடிக் கன்றும் இந்தக் கணக்கில் பன்றிக்குட்டி பக்கம்தான் சேரும், அதற்குப் பெருவயிறு இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது. தமிழ்நாட்டில் குதிரைக்கும் வண்டி மாட்டுக்கும் கொள்ளை வேகவைத்துக் கொடுக்கும் பழக்கம் எந்த ஆய்வகத்தையும் கேட்டு வந்ததல்ல. கொள்ளிலும் போமேன்–பிர்க் குடும்பத்தைச் சேர்ந்த தடுப்பான் இருப்பது பின்னால்தான் தெரிந்தது.

பெரும்பாலான கோழிப் பண்ணையாளர்கள் சோயாவை வறுப்பதைப் பற்றிக் கவலைப்படாததற்குக் காரணம், அந்த வேலை ஆலையிலேயே முடிந்துவிடுவது. ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றி எண்ணெய் எடுத்தபின், ஒட்டியிருக்கும் ஹெக்சேனை ஆவியாக்க நீராவி செலுத்துகிறார்கள். அந்த நீராவியே புண்ணாக்கை வறுத்தும் விடுகிறது. கோழித் தீவனக்காரர் மூட்டையில் வாங்கும் சோயாப் புண்ணாக்கு ஏற்கெனவே பக்குவம் செய்யப்பட்டது. கேள்வி எழுவது முழுச் சோயாவை எண்ணெயோடு அப்படியே தீவனமாக்க நினைக்கும்போது. சோயாவில் 38 சதவீதத்தை ஒட்டிப் புரதமும் 18 முதல் 20 சதவீதம் எண்ணெயும் உண்டு. அந்த எண்ணெய் வளரும் கோழிக்கு நல்ல எரிசக்தி. அதை ஆலைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு தனியாக எண்ணெய் வாங்கித் தீவனத்தில் கலப்பானேன் என்ற எண்ணம் எவருக்கும் வரும். 1969-ல் அயோவாவிலிருந்து சந்தைக்கு வந்த இன்ஸ்டா–புரோ இயந்திரம் இந்த எண்ணத்தின் பிள்ளைதான். அதற்கு அடுப்பே தேவையில்லை. இறுகிய குழாய்க்குள் திருகு சோயாவை நெருக்கித் தள்ளும்போது எழும் உராய்வுச் சூட்டிலேயே பயறு வெந்துவிடும். நைஜீரியாவின் சிறு கோழிப் பண்ணைகளில் அதே வேலையை விறகடுப்பும் இரும்புச் சட்டியும் செய்கின்றன.

இனி பதம். பச்சைச் சோயாவையும், பதமாக வறுத்ததையும், கருக விட்டதையும் ஆய்வகத்துக்கு அனுப்பி ஈரத்தைக் கழித்துப் புரதம் எவ்வளவு என்று கேட்டால் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே விடைதான் வரும். காரணம், 1883-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் வகுத்த முறையை ஒட்டியே இன்றும் தீவனப் புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். அது அளப்பது நைட்ரஜனை மட்டும். நைட்ரஜன் தடுப்பானிலும் உண்டு, கருகியதிலும் உண்டு. தீவன மூட்டையின் சீட்டில் அச்சிட்ட புரதச் சதவீதத்துக்குச் சூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. வறுவல் வியாபாரத்தில் நடக்கும் ஏமாற்றமெல்லாம் பெரும்பாலும் இந்த ஓட்டை வழியேதான் நுழைகிறது.

கருகுவதால் என்ன கெடும்? சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவதை 1912-ல் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கினார். ரொட்டியின் பழுப்புக்கும் காப்பிக்கொட்டையின் மணத்துக்கும் அந்த வினையே காரணம். ஆனால் அதில் முதலில் பலியாவது லைசின். கோழித் தீவனத்தில் கிராம் கணக்கில் எண்ணிச் சேர்க்கும் அமினோ அமிலம் அது. கூடுதலாக வறுத்த சோயா பார்ப்பதற்கும் மோப்பதற்கும் பிரமாதமாக இருக்கும். கோழியின் எடை மட்டும் ஏறாது.

அரைவேக்காட்டைக் கண்டுபிடிப்பது எளிது. சோயாவில் யூரியேஸ் என்றொரு நொதி உண்டு, யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். அது சாகும் சூட்டில் தடுப்பானும் ஏறக்குறையச் செத்துவிடும் என்பதால் அதையே சாட்சியாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு கண்ணாடித் தட்டில் அரைத்த சோயாவைப் பரப்பி, யூரியாவும் பீனால் ரெட் சாயமும் கலந்த பழுப்பு மஞ்சள் நீரை அதன்மேல் ஊற்ற வேண்டும். ஐந்து நிமிடம் போதும். வேகாத துகள் ஒவ்வொன்றைச் சுற்றியும் அம்மோனியா கசிந்து அந்த இடம் சிவக்கும். தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புப் பொட்டு இருந்தால் நல்ல பதம். பாதித் தட்டு சிவந்தால் மறுபடி வறுக்க வேண்டும். ஒரு பொட்டுகூட இல்லையென்றால்? அங்கேதான் சிக்கல். யூரியேஸ் எப்போதோ செத்திருக்கும், அதற்குப்பின் எவ்வளவு நேரம் தீயில் கிடந்தது என்று செத்த நொதி சொல்லாது. அந்தப் பக்கத்தை அறிய 0.2 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் புரதம் எவ்வளவு கரைகிறது என்று பார்க்கிறார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் அராபா, டேல் இருவரும் 1990-ல் கோழிக்குஞ்சுகளின் வளர்ச்சியோடு ஒப்பிட்டு நிலைநிறுத்திய சோதனை இது. 70 சதவீதத்துக்குக் கீழே போனால் கருகல் என்பதும், 85-ஐத் தாண்டினால் வேக்காடு போதவில்லை என்பதும் தீவனத் துறையில் இன்று புழங்கும் கணக்கு. இரண்டு சோதனையையும் சேர்த்துச் செய்தால்தான் நடுவில் இருக்கும் பதம் பிடிபடும். ஒன்றை மட்டும் செய்துவிட்டுத் தரச்சான்று நீட்டுகிறவரை நம்பத் தேவையில்லை.

மாட்டுக்கு வருவோம்.

அசைபோடும் மாட்டின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கோழியை வாட்டும் தடுப்பானை அவை வெறும் புரதமாகப் பாவித்துத் தின்றுவிடும். எனவே பச்சைச் சோயா பசுவுக்கு விஷமல்ல. ஓர் எச்சரிக்கை உண்டு: யூரியா சேர்த்த தீவனத்தோடு பச்சைச் சோயாவைக் கலக்கக் கூடாது. யூரியேஸ் கைவரிசை காட்டி, அம்மோனியா ஒரே மூச்சில் வெளிவரும்.

பசுவின் பிரச்சினை வேறு. நுண்ணுயிர்கள் தடுப்பானோடு நிறுத்திக்கொள்வதில்லை, நல்ல புரதத்தையும் உடைத்து அம்மோனியாவாக்கிவிடுகின்றன. அதில் ஒரு பகுதியைத் தங்கள் உடம்பைக் கட்டப் பயன்படுத்தும். மிச்சம் இரத்தத்தில் கலந்து, யூரியாவாகிச் சிறுநீரோடு போகும். எட்டு, பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நுண்ணுயிர்களின் உடம்பே போதுமான புரதம். முப்பது, நாற்பது லிட்டர் கறக்கும் ஹோல்ஸ்டீன் பசுவுக்குப் போதாது. பெருவயிற்றில் சிதையாமல் நான்காம் வயிற்றுக்கும் குடலுக்கும் நேரே போய்ச் சேரும் புரதம் அதற்குக் கொஞ்சம் வேண்டும். பைபாஸ் புரதம் என்று நம்மூர்க் கால்நடை மருத்துவர்களும் சொல்வது அதைத்தான். சோயாவைச் சற்றுக் கூடுதலாகச் சூடேற்றினால் புரதமும் சர்க்கரையும் லேசாகப் பிணைந்து நுண்ணுயிர்களின் பிடியிலிருந்து நழுவும். நான்காம் வயிற்றின் அமிலத்திலும் குடலிலும் பிரிந்து செரிக்கும். கோழிக்குக் கேடான அதே மயார் வினையின் தொடக்கம் பசுவுக்கு மருந்து. அளவு மீறினால் அங்கும் செரிக்காது, சாணத்தோடு போய்விடும்.

இதற்கான அளவை வகுத்தவர்கள் விஸ்கான்சினின் மேடிசன் நகரில் உள்ள அமெரிக்கப் பால்பண்ணைத் தீவன ஆய்வு மையத்தினர். லேரி சாட்டரும் அவர் மாணவர்களும் 1980-களின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் இதையே செய்தார்கள். உருளையிலிருந்து வெளிவரும்போது சோயா 146 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அந்தச் சூட்டோடு அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும், அதன்பிறகே ஆறவிட வேண்டும். 1991-ல் சாட்டரும் ஃபால்டெட்டும் வெளியிட்ட ஆய்வில், இப்படி வறுத்த சோயா தின்ற பசுக்கள் பச்சைச் சோயாவோ சாதாரணச் சோயாப் புண்ணாக்கோ தின்ற பசுக்களைவிடக் கூடுதலாகக் கறந்தன. அவற்றுக்கு அடிப்படைத் தீவனம் ஆல்ஃபால்ஃபா எனும் குதிரைமசாலின் ஊறுகாய்ப்புல் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதில் சீக்கிரம் சிதையும் புரதம் ஏராளம், சிதையாத புரதத்துக்குத்தான் பஞ்சம். அதனால் வறுவலின் பலன் பளிச்சென்று தெரிந்தது.

இந்த முறையில் கவனிக்க வேண்டியது அந்த அரை மணி நேரம். உருளைக்குள் சோயா இருப்பது சில நிமிடங்களே. அங்கே தோல் சூடாகும், நடுப்பகுதி பின்தங்கியிருக்கும். பெட்டியில் மூடிக் கிடக்கும்போதுதான் சூடு சமமாகப் பரவி உள்வரை வேலை செய்யும். அவசரக்கார வறுப்பாளர் இந்தப் பெட்டியைத்தான் விட்டுவிடுவார், வண்டி நின்றால் கூலி நிற்கும் என்பதால். அடுத்தது ஈரம். வறண்ட மணியைவிட ஈரமுள்ள மணியில் சூடு தடுப்பானை விரைவாக அழிக்கும். ஒரே குவியலில் ஒரு பக்கம் 9 சதவீத ஈரமும் மறுபக்கம் 15-ம் இருந்தால் ஒன்று கருகும், ஒன்று வேகாது, வெப்பமானியோ சராசரியைக் காட்டி ஏமாற்றும். வறுத்ததைப் பருப்பு உடைப்பது போல இரண்டாய், நாலாய் உடைத்துக் கொடுப்பது நல்லது. முழுசாகக் கொடுத்தால் சாணத்தில் மணி மணியாகத் தெரியும். மாவாக அரைத்தால் பெருவயிற்றிலேயே சிதைந்து, வறுத்த பலன் போய்விடும்.

செலவைப் பார்ப்போம். ஒரு டன் சோயாவை 20 டிகிரியிலிருந்து 145-க்கு ஏற்ற சுமார் 250 மெகாஜூல் வேண்டும். ஈரம் 13 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தால் 75 கிலோ நீர் ஆவியாகும், அதற்கு 180. ஆக 430 மெகாஜூல். ஒரு கிலோ எரிவாயுவில் 46 மெகாஜூல் என்று வைத்தால் ஒன்பதரை கிலோ. பாதிச் சூடு புகைபோக்கி வழியே போகும் என்று எடுத்துக்கொண்டால், டீக்கடைகளில் நிற்கும் 19 கிலோ சிலிண்டர் ஒன்று டன்னுக்குக் காலியாகும். உள்ளே போன 1,000 கிலோ 925 கிலோவாகத் திரும்பும். 380 கிலோ புரதம் அப்படியே இருக்க மொத்த எடை குறைவதால் சதவீதம் 38-லிருந்து 41 ஆகும். வறுத்தால் புரதம் கூடுகிறது என்று துண்டறிக்கையில் அச்சடிக்க இந்தக் கணக்கு போதும். போனது தண்ணீர்தான்.

வறுத்ததை ஆறவிடாமல் களஞ்சியத்தில் கொட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து சொட்டிப் பூஞ்சணம் பிடிக்கும், அல்லது எண்ணெய் நிறைந்த அந்தக் குவியல் உள்ளுக்குள் கனன்று தீப்பிடிக்கும். நன்றாக ஆற்றிய முழு மணி மாதக்கணக்கில் நிற்கும். அரைத்துவிட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கிவிடும், அதனால் அரைப்பதை அன்றன்றைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

தானியங்களின் கதை இவ்வளவு சுவையானதல்ல. மக்காச்சோளத்திலும் சோளத்திலும் கோதுமையிலும் அழித்தே ஆக வேண்டிய தடுப்பான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சூட்டிடம் எதிர்பார்ப்பது மாவுச்சத்து நெகிழ்வதை மட்டுமே. மாவுச்சத்து நெகிழத் தண்ணீர் வேண்டும். 13 சதவீத ஈரத்தோடு உருளைக்குள் போகிற மணி வெளிவருவதற்குள் காய்ந்தே போகிறது. கொஞ்சம் பொரியும், உடைக்க எளிதாகும், மணம் வரும். அதற்கு மேல் மாற்றம் குறைவு. 1970-களின் தொடக்கத்தில் இண்டியானாவின் பர்டூ பல்கலைக்கழகம் உட்படச் சில இடங்களில் இறைச்சி மாடுகளுக்கு வறுத்த மக்காச்சோளம் கொடுத்து ஓரளவு நல்ல பலனும் கண்டார்கள். ஆனாலும் அது நிலைக்கவில்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. ஹெச். ஹேல் குழு 1960-களிலேயே வேறு பாதை போட்டுவிட்டது: சோளத்தை நீராவியில் நனைய வேகவைத்து, இரும்பு உருளைகளுக்கு நடுவே அவல் போலத் தட்டையாக்குவது. சோளத்தின் மாவுச்சத்தைச் சுற்றி இறுகிய புரத வலை இருக்கிறது. நீராவியும் நசுக்கலும் சேர்ந்தால்தான் அது கிழியும். டெக்சாஸ், அரிசோனா பக்கத்துப் பெரிய மாட்டுப்பட்டிகளில் இன்று ஓடுவது நீராவி ஆலைகள்தான்.

கோழிக்கு மக்காச்சோளத்தை அரைத்தாலே போதும், அதன் குடல் மாவுச்சத்தை நன்றாகச் செரிக்கும். குச்சித் தீவனமாக அழுத்தும்போது நீராவியில் எப்படியும் 70, 80 டிகிரி சூடு படுகிறது. தாய்ப்பால் மறந்த பன்றிக்குட்டி மட்டும் விலக்கு. அதன் குடலில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி இன்னும் பெருகவில்லை என்பதால், வெந்து தட்டையான தானியமோ அகச்சிவப்புச் சூட்டில் பொரித்த தானியமோ சேர்த்த தீவனத்துக்கு ஐரோப்பியப் பண்ணையாளர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். மற்றபடி தானியத்தை வறுக்க இயந்திரம் வாங்குகிறவர் தன் பணத்தைத்தான் வறுக்கிறார்.

பூஞ்சணம் பிடித்த தானியத்தை வறுத்துத் தேற்றிவிடலாம் என்ற நம்பிக்கை ஒன்று ஊர் ஊராக உலவுகிறது. அதைக் கண்டிப்பாகச் சொல்லித் தீர்க்க வேண்டும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளாடாக்சின்தான் அந்த மர்ம நோய்க்குக் காரணம் என்பது பிறகு தெரிந்தது. வறுவல் பூஞ்சணத்தைக் கொல்லும், பூஞ்சணம் விட்டுச்சென்ற நஞ்சை முழுதாக அழிக்காது. அஃப்ளாடாக்சின் சிதைய 230 டிகிரிக்கும் மேலே சூடு வேண்டும், அதற்குள் தீவனம் கரியாகிவிடும். 140, 150 டிகிரியில் ஓரளவே குறையும். வறுத்த மணம் முக்கல் வாடையை மறைத்துவிடுவது கூடுதல் ஆபத்து. மூக்கால் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் போய்விடும்.

வறுப்பான்களுக்கு நல்ல காலமும் கெட்ட காலமும் சந்தையைப் பார்த்தே வந்திருக்கின்றன. 1973 ஜூனில் சோயா விலை எகிறியபோது அமெரிக்க அதிபர் நிக்சனின் அரசு ஏற்றுமதிக்கே தடை போட்டது. புண்ணாக்கு வாங்கிக் கட்டாது, சொந்தச் சோயாவைச் சொந்தப் பண்ணையிலேயே வறுப்போம் என்கிற ஆசைக்கு அதைவிட நல்ல வேளை இல்லை. அதே ஆண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்து எரிபொருள் விலையும் ஏறியது. அன்றிலிருந்து இன்றுவரை சோயாவுக்கும் புண்ணாக்குக்கும் உள்ள விலை இடைவெளி ஒரு கை, எரிவாயு விலை மறு கை. எது ஓங்குகிறதோ அதன்படி வண்டி வரும், அல்லது கொட்டகையில் துருப்பிடிக்கும்.

இப்போது மறுபடி நல்ல காலம். காரணம் பால் கொழுப்பு. சாதாரணச் சோயா எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம். பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதை மாற்றியமைக்கும் வழியில் உண்டாகும் ஒரு கொழுப்பு அமிலம், மிகச் சிறிய அளவிலேயே மடியில் கொழுப்புச் சுரப்பை அமுக்கிவிடும். இதைக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேல் பாமன் குழு கண்டுபிடித்தது. அதனால் ஒரு பசுவுக்கு நாளைக்கு இரண்டு, இரண்டரை கிலோவுக்கு மேல் வறுத்த சோயா கொடுப்பதைப் பெரும்பாலும் தவிர்த்து வந்தார்கள். ஓலெயிக் அமிலம் 75 சதவீதமளவுக்கு உள்ள புதுச் சோயா ரகங்கள் வந்தபின் அந்தத் தடை தளர்ந்தது. அவற்றில் லினோலெயிக் பத்து சதவீதத்துக்கும் கீழே. மனிதர்கள் சமைக்கும் எண்ணெய்க்காக உருவாக்கிய ரகங்கள் அவை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆடம் லாக் குழு அவற்றை வறுத்துக் கறவை மாடுகளுக்குக் கொடுத்துப் பால் கொழுப்பு உயர்வதைக் காட்டியது. அமெரிக்காவில் பெரும்பாலான பால் கொழுப்பையும் புரதத்தையும் அளந்தே விலை பெறுகிறது. எனவே மிச்சிகன், விஸ்கான்சின் பண்ணைகளில் சோயா விதையும் வறுப்பானும் சேர்ந்தே விற்பனையாகின்றன.

ஆவினும் பாலுக்குக் கொழுப்பு, இதர சத்து இரண்டையும் பார்த்துத்தான் விலை கொடுக்கிறது. அதற்காக மிச்சிகன் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அந்தப் புது ரகங்களில் பல மரபணு மாற்றியவை; மரபணு மாற்றிய சோயா பயிரிட இந்தியாவில் அனுமதியில்லை. சோயா விளைவது பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும், தமிழ்நாட்டுக்கு வருவது அங்கே எண்ணெய் எடுத்த புண்ணாக்கு. நம் மாடுகளில் பல, பைபாஸ் புரதத்தால் பெரிய ஆதாயம் தெரியாத அளவுக்கே கறக்கின்றன. தெரிகிற அளவு கறப்பவற்றுக்கு, ஆனந்தில் உள்ள தேசிய பால்வள வாரியம் ஃபார்மால்டிஹைடு சேர்த்துப் புண்ணாக்கைப் பதப்படுத்தும் முறையைப் பரப்பியிருக்கிறது. கம்பளி ஆடுகளுக்காக 1960-களில் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் பிறந்த முறை அது. அடுப்பு இல்லாமல் அதே வேலையைச் செய்கிறது.

ஆனால் கோழிக்காரர்களுக்குச் சோயா வறுவல் பக்கத்துக் கதை. 2021-ல் சோயாப் புண்ணாக்கு விலை தலைக்கு மேலே போய், ஆகஸ்டில் மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது. நாமக்கல்லின் பெரிய பண்ணைகள் அந்த விலையேற்றத்தையும் தாங்கிக்கொண்டன. நாட்டுக்கோழி ஐம்பதோ நூறோ வளர்ப்பவருக்கு அப்படிப்பட்ட நேரத்தில் வரும் யோசனை, முழுச் சோயாவை மூட்டையாக வாங்கி வீட்டிலேயே அரைத்துக் கலக்கலாம் என்பது. பச்சையாக அரைத்துக் கலந்தால் குஞ்சுகள் ஆஸ்போர்னின் எலிகள் கதிக்கு வந்துவிடும். இரவே ஊறவைத்து, நன்றாகக் கொதிக்கும் நீரில் அரை மணி நேரம் வேகவிட்டு, உலர்த்தி அரைப்பது கருகும் பயமில்லாத வழி. பொரிகடலைக்காரரிடம் கொடுத்து மணலில் வறுத்து வாங்கினால் வேலை சுருக்கு. ஆனால் கடலைக்குப் பழகிய கை சோயாவைச் சீக்கிரம் எடுத்துவிடும், எடுத்த சூட்டோடு சாக்கில் கட்டி அரை மணி வைத்துவிட்டுப் பிறகு பரப்ப வேண்டும். ஒன்றிரண்டு மணியைப் பிளந்து பார்த்தால் உள்ளே பச்சை வாடை இல்லாமல், வெளிர்பொன் நிறமாக, நடுவரை ஒரே சீராக இருக்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மாதிரி அனுப்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது புரதம் எவ்வளவு என்று. வறுத்த சோயாவை அனுப்பும்போது யூரியேஸும் புரதக் கரைதிறனும் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுத வேண்டும்.